பதினேழாம் கட்டம்

“கயிறு என் கையிலதான் இரிக்கி மாப்புள. அதையும் கொஞ்சம் நெனச்சிக்க.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, சிகாபுதீனின் கொச்சங்காடி வீட்டு நடையில் நின்று முனீர் அவனிடம் இதைச் சொன்னான். சொன்ன கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அடுக்களையில் கப்பைக் கிழங்கு வேகவைத்த தண்ணீரை வடித்துக்கொண்டிருந்த சிகாபுதீனின் பெண்டாட்டி சுல்ஃபத் கொதிதண்ணீரில் பாதியைக் காலில் கொட்டிக்கொண்டாள். கால் எரிகிறது என்பதே அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

முனீர் வேறு யாரோ இல்லை, அவளுடைய கூடப்பிறந்த காக்கா. கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கொச்சி மட்டாஞ்சேரியிலோ கக்கா என்றால் காயலுக்கடியில் வாரி எடுக்கிற சிப்பி. ஒரு எழுத்தை நீட்டினால் அண்ணன், குறுக்கினால் கறி. ‘காக்கா கக்கா வாரப் போயிரிக்காரு’ என்று அவள் சொன்னால் குழாயடியில் அத்தனை பெண்களும் சிரிப்பார்கள். எழுபத்தெட்டாம் வருஷம் அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அவளும் சேர்ந்து சிரித்தவள்தான்.

சிகாபுதீன் சங்கு குளித்த குடும்பத்துக்காரன். பத்துப் பாகம், அதாவது அறுபது அடி, ஆழத்தில் தரை தொட்டு, மடி நிறையச் சங்கோடு ஏறிய ஆள். அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். சொந்தத் தம்பியைக்கூட நம்பக்கூடாதாம், பங்குக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டாலும் விட்டுவிடுவான். கூடப்பிறந்தவள் கழுத்துக் கருகமணியை அறுக்க எவனுக்கும் மனசு வராது என்பது பழைய ஆட்களின் தீர்மானம். கீழேயிருந்து கயிற்றை ஒரே ஒரு வெட்டு வெட்டிச் சுண்டினால் தூக்கு என்று அர்த்தம். இரண்டாவது வெட்டு கிடையாது, இரண்டாவது வெட்டுக்கு மூச்சு எங்கே இருக்கும்?

சங்கு படுத்துப்போய், பிழைப்புத் தேடிக் கொச்சிக்கு வந்தபோதும் அந்தக் கட்டுப்பாடு கூடவே வந்தது. போன வருஷம் மீன் ஆராய்ச்சி ஆபீசிலிருந்து வெங்கிடராமன் சார் முங்க ஆள் தேடி வந்தார். பாலக்காட்டுக்காரர், கல்பாத்தியில் வீடு. “மச்சான் கயிறு புடிச்சா வாரேன்” என்று சிகாபுதீன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். சார் சிரித்தார், ஆனாலும் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார். கூடவே சுல்ஃபத்துக்கும் படகில் அளக்கிற வேலை கிடைத்தது.

வேலை இதுதான். மட்டாஞ்சேரிக்கும் வல்லார்பாடத்துக்கும் நடுவே கிடக்கிற காயலைச் சார் ஒரு பெரிய தாளில் வரைந்து, பென்சிலால் இருபத்துநாலு கட்டமாகக் கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் பத்து இடத்தில் ஒரு மீட்டர் இரும்புச் சட்டத்தைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். சிகாபுதீன் முங்கிப் போய், சட்டத்துக்குள் கிடக்கிற கக்கா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வலைப்பையில் வாரிக்கொண்டு வருவான். சுல்ஃபத் சேற்றை அலசி, துவாரம் வெட்டிய பலகையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பாள். துவாரத்தில் விழுந்தால் பொடிசு. விழாமல் நின்றால் பெருசு. எண்ணிச் சொன்னால் சார் பெருசுக்குக் கறுப்புப் புள்ளியும் பொடிசுக்குச் சிவப்புப் புள்ளியும் வைப்பார். சிவப்பு நெருக்கமாக விழுந்த கட்டத்தை இரண்டு மழைக்காலத்துக்கு மூடிவைப்பார்கள். அங்கே வஞ்சி என்று இங்கே சொல்கிற தோணி ஒன்றும் போகக்கூடாது, பொடிசு பெருசாகி முட்டையிட்டுப் பெருக வேண்டும்.

முனீரின் வஞ்சி வாரிக்கொண்டிருந்தது பதினேழாம் கட்டத்தில். பெண்டாட்டி ஜுமைலாவின் வளையலை விற்று வாங்கிய வஞ்சி அது. நாலு ஆள் அதில் வாருகிறார்கள், ஜுமைலா இறைச்சியைப் பிராட்வே சந்தைக்குக் கொண்டுபோகிறாள், ஓடு சுண்ணாம்புச் சூளைக்குப் போகிறது. அங்கே பொடிசுதான் அதிகம் என்று முனீருக்குத் தெரியாதா என்ன? அதனால்தான் கேட்டான். பதினேழு வரும்போது பொடிசில் பாதியைக் கீழேயே விட்டுவிட்டு வா மாப்புள, யார் பார்க்கப் போகிறார்கள் என்று. சிகாபுதீன் முடியாது என்றான். அப்போது வந்ததுதான் அந்தக் கயிற்றுப் பேச்சு.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஆனால் வேலை நிற்கவில்லையே, ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் இருபத்துநாலும் முடிய வேண்டும். தினமும் காலையில் ஒரே படகில் ஏறினார்கள். இவன் வாயைத் திறக்காமல் இடுப்பைக் காட்டுவான், அவன் வாயைத் திறக்காமல் முடிச்சுப் போடுவான். கயிறு பிடிக்கும்போது முனீரின் கன்னம் இரண்டும் உம்மென்று உப்பிக்கொள்ளும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ‘வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா’ என்று ஜுமைலா கேலி பண்ணுவாள். இப்போது அந்த உப்பிய முகத்தைப் பார்த்தால் சுல்ஃபத்துக்குக் கோபம் கட்டிவைத்த முகமாகத் தெரிந்தது. எண்ணிக்கை தவறியது. “என்னாச்சு சுல்ஃபத், நாப்பத்தஞ்சுக்கு அப்பறம் மறுபடியும் நாப்பது சொல்லறேள்?” என்று சார் கேட்டார்.

வீட்டில் அவள் கேட்டுப் பார்த்தாள்.

“இங்கெ கேளுங்க. நாளைக்குப் பணிக்குப் போவணுமா?”

“போவாம?”

“காக்கா சொன்னது ஒங்க காதுல விழலயா?”

“விழுந்திச்சி. சொன்னான், போனான். அதுக்கு என்னா இப்ப? சாயாவ எடு.”

“கொஞ்சம் பொடிச விட்டுட்டுத்தான் வாங்களேன். தண்ணிக்கடியில யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்லா.” அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “பெரிச மட்டும் கொண்டாந்தா சார் நெறைய இரிக்கின்னு எழுதுவாரு. கண்டவனும் வந்து வாருவான். ரெண்டு வருஷத்துல வெறும் சேறு கெடக்கும். நம்ம பக்கத்துல சங்கு போனது எப்பிடி? குஞ்சுன்னு பாக்காம அள்ளுனோம், நானும்தான் அள்ளுனேன். சங்கு போச்சின்னு கொச்சிக்கு வந்தோம். கக்காவும் போச்சின்னா எங்கெ போவெ நீ?”

“நீங்க போயிட்டா நான் எங்கெ போறது?”

அவன் டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்தான். அண்ணனைச் சந்தேகப்படுகிறாயே என்று அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் காலை குழாயடியில் ஜுமைலா குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

“ஒன் காக்காவுக்கு என்னாவாம்? ரெண்டு நாளா சோறு எறங்கல. வஞ்சியும் போச்சி, வளையலும் போச்சிங்கறாரு. நேத்து சாயங்காலம் பூரா பின்கட்டுல கத்திய தீட்டிட்டு இருந்தாரு.”

“கத்தியா? எதுக்கு மைனி?”

“எனக்கென்ன தெரியும். கேட்டா வள்ளுன்னு விழுறாரு. இப்ப அந்தக் கயித்த மடியில வச்சிட்டு ஒக்காந்துட்டாரு. வா, நீயே பாரு.”

சுல்ஃபத் பார்த்தாள். சுவருக்கு அந்தப்புறம் முனீர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். மடியில் சிகாபுதீனின் கயிறு. அதன் புரிகளைக் கத்தி முனையால் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கயிற்றைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்தான். அண்ணன் எதையும் தங்கையிடம் மறைத்து அவள் பார்த்ததில்லை. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள், படகு கிளம்புமுன், படகுத்துறையில் சார் தனியாக நின்றுகொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போனாள். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

“காக்கா வேணாம் சார்.”

“கக்கா வேண்டாமா? அளந்தது போக மிச்சத்தை நீங்கதானே தினம் எடுத்துண்டு போவேள். சரி, நம்ம படகு வறீதுக்குக் குடுத்துடறேன்.”

“கக்கா இல்ல சார், காக்கா. எங்க அண்ணன். கயிறு அவரு கையில வேணாம்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏன், என்ன விஷயம்?”

என்னவென்று சொல்வாள்? அண்ணன் புருஷனைக் கொன்றுவிடுவான் என்றா? இந்த வாயால் அதைச் சொல்ல முடியுமா?

“தலைசுத்து வருது அவருக்கு. வெளிய சொல்ல மாட்டாரு.”

“அப்படியா. நல்லவேளை சொன்னேள்.”

படகு பதினாறாம் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பல் போகிற ஆழத் தடத்தின் ஓரம், மற்ற இடத்தைவிட ஆழம் ஜாஸ்தி. வேலியிறக்கம், அதாவது ஓதம் வற்றுவது, தொடங்கி, தண்ணீர் காயல் கடலில் சேரும் அழிமுகத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறவில்லை, ஆனாலும் புழுக்கம் தாங்கவில்லை.

“முனீர், ஒமக்குத் தலைசுத்தல்னு கேட்டேன். இன்னிக்குக் கயிறு வறீது பிடிக்கட்டும். நீர் முன்னால உக்காந்து தண்ணி எறையும்” என்றார் சார்.

முனீர் சாரைப் பார்க்கவில்லை, நேராகத் தங்கையைத்தான் பார்த்தான். அவள் பலகையைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். சிகாபுதீன் அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான். மச்சான் பிடித்தால்தான் முங்குவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பத்து நாள் பேசாத வீம்பு. முதலில் வாயைத் திறக்கிறவன் யார்? அவன் பேசாமல் இடுப்பை வறீதிடம் காட்டினான்.

வறீது வைப்பீன்காரன், கப்பல்துறையில் இருபது வருஷம் வடம் இழுத்தவன். நல்ல மனுஷன், பலசாலி. “பேடிக்கண்டா சேச்சி, ஞான் உண்டு” என்று சுல்ஃபத்துக்குத் தைரியம் சொல்லிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தான். முனீர் அவன் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு, இறைப்புச் சட்டியோடு முன்னால் போய் உட்கார்ந்தான்.

முதல் ஒன்பது முங்கல் ஒழுங்காகவே நடந்தது. சிகாபுதீன் வெட்டத் தேவையில்லாமல் தானே ஏறி வந்துவிட்டான். சுல்ஃபத்துக்கு மூச்சு வந்தது. இனிமேல் பயமில்லை, பழி பாவம் வந்தாலும் என் தலையில் வரட்டும், ஆள் வீடு வந்து சேர்ந்தால் சரி என்று நினைத்தாள். பெருசு ஒன்பது, பொடிசு பதிமூன்று. சார் புள்ளி வைத்தார்.

பத்தாவது முங்கல். சட்டம் ஓரமாகச் சரிந்து இறங்கியது. சிகாபுதீன் மூக்கைப் பொத்திக்கொண்டு போனான். குமிழி வந்தது, பிறகு நின்றது. வறீது கையில் கயிறு லேசாக அசைந்தது. பிறகு ஒரு வெட்டு.

வறீது கயிற்றைத் தளர விட்டான்.

கப்பல்துறையில் ஒரு வெட்டு என்றால் விடு, இரண்டு வெட்டு என்றால் இழு. இருபது வருஷம் பழகிய கை, அது என்ன செய்யும்? மூன்று பாகம் கயிறு தண்ணீருக்குள் தொளதொளவென்று போயிற்று. வேலியிறக்கம் அதைக் கொண்டுபோய், எப்போதோ வலை கட்ட ஊன்றி முறிந்து மூழ்கிக் கிடந்த மரக் குத்தியில் சுற்றிவிட்டது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது அவளுக்குத் தெரிந்தது, கயிறு போகிறது, ஆள் வரவில்லை என்பதுதான்.

மறுபடி ஒரு வெட்டு. வறீது இன்னும் தளர விட்டான்.

சுல்ஃபத் ஏனென்று தெரியாமல் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். முனீர் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கையில் கயிறு இல்லை. ஆனால் கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, முகம் கருத்து, கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். கீழே இருக்கிறவன் மூச்சு விடும்வரைக்கும் இவனும் விடமாட்டான். இத்தனை வருஷமும், ஒவ்வொரு முங்கலுக்கும், அந்த உப்பிய கன்னத்துக்குள் இருந்தது அதுதான். தன் நெஞ்சு தாங்காமல் போகும்போது, வெட்டு வந்தாலும் வராவிட்டாலும், தூக்கிவிடுவான். ஐயோ, இவரையா நான் எடுத்துவிடச் சொன்னேன் என்று சுல்ஃபத் தலையில் அடித்துக்கொண்டாள்.

முனீரின் வாயிலிருந்து மூச்சு பொக்கென்று வெடித்தது. “தூக்குடா! தூக்கு!”

வறீதுக்குப் புரியவில்லை. “எந்தா?”

“இழுங்க சேட்டா, இழுங்க” என்று அவளும் கத்தினாள். பிறகுதான் இழு என்பதற்கு அவனுடைய வார்த்தை நினைவுக்கு வந்தது. “வலிக்கு சேட்டா, வலிக்கு.” நம் ஊரில் நோகிறது என்பதற்குச் சொல்கிற சொல். அன்றைக்கு இரண்டுக்கும் சரியாக இருந்தது.

வறீது இழுத்தான். கயிறு விறைத்து நின்றது, வரவில்லை. அதற்குள் முனீர் குதித்துவிட்டான். அவன் முங்குகிற ஆள் அல்ல, கயிறு பிடிக்கிற ஆள். கயிற்றையே பிடித்துக்கொண்டு கீழே போனான். சுல்ஃபத் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ‘றப்பே, றப்பே’ என்றாள். அண்ணனும் உள்ளே, புருஷனும் உள்ளே. இரண்டு பேரையும் தள்ளிவிட்டவள் மேலே. சார் சட்டையோடு எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கயிறு தொய்ந்தது. வறீது வாரி வாரி இழுத்தான். முதலில் வந்தது சிகாபுதீனின் தலை. பின்னால் முனீர். இரண்டு பேரையும் படகில் உருட்டிப் போட்டார்கள். சிகாபுதீன் வயிற்றிலிருந்து தண்ணீர் கொட்டியது, பிறகு இருமினான். அந்த இருமலைக் கேட்டதும்தான் அவள் உட்கார்ந்தாள்.

குத்தி முழுக்கச் சிப்பி ஒட்டி வளர்ந்திருந்தது, ஒவ்வொன்றும் பிளேடு மாதிரி. அதில் சுற்றிய கயிற்றை முனீர் வெறுங்கையால் பிடுங்கியிருந்தான். உள்ளங்கை இரண்டிலும் தோலே இல்லை. கயிறும் பல இடத்தில் அரைபட்டிருந்தது, அறுபடவில்லை. வறீது அதைத் தடவிப் பார்த்தான். நடுவில் இரண்டு பாகத்துக்குப் பழைய புரியை எடுத்துவிட்டுப் புதுப் புரி பின்னியிருந்தது. சுல்ஃபத் அந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு முகத்தை முக்காட்டுக்குள் புதைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரம். கட்டுப்போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு முனீர் தங்கை வீட்டில் உட்கார்ந்திருந்தான். சிகாபுதீன் சுவரில் சாய்ந்திருந்தான். சுல்ஃபத் சோற்றில் கக்காக் கறியைப் பிசைந்து அண்ணனுக்கு ஊட்டினாள். நாலு உருண்டை இறங்கியதும் முனீர் கேட்டான்.

“தலைசுத்துன்னு நீதானே சொன்னெ?”

“ஆமா காக்கா.”

“எதுக்கு?”

“பயந்துட்டேன். கயிறு என் கையிலன்னு சொன்னீங்களே. கத்தியும் கயிறுமா ஒக்காந்திருந்தீங்களே.”

முனீர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். “புரி தேஞ்சி கெடந்திச்சி, மாத்துனேன். நீ பாத்தா அழுவன்னு மறைச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “அன்னைக்கிப் பேசுனது தப்புத்தான் புள்ளெ. நெதம் ஒனக்காக மூச்சடக்குறேனே மாப்புள, எனக்காக ஒண்ணு செய்யமாட்டியான்னுதான் நெனச்சேன். வாயில வேற மாதிரி வந்திரிச்சி.”

“நான்தான் பாவி காக்கா.”

“நீ மட்டுமா? ஒரு வெட்டுன்னா தூக்கணும்னு வறீதுகிட்ட சொல்ல வாய் வரைக்கும் வந்திச்சி. என்னைய எடுத்தாங்கள்ல, அவங்களே பாத்துக்கிடட்டும்னு முழுங்கிட்டேன். ஒரே ஒரு வார்த்த. அத நெனச்சா எனக்கு இப்பவும் குலை நடுங்குது.” அவன் கண்கள் சிவந்தன. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. சுல்ஃபத் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

சுவரோரமிருந்து சிகாபுதீன் தொண்டையைச் செருமினான். உப்புத்தண்ணீர் குடித்த தொண்டை, குரல் கரகரத்தது.

“மச்சான். நாளைக்குப் பதினேழு. கயிறு யாரு புடிக்கிறது?”

பத்து நாளைக்கு அப்புறம் அவன் முனீரிடம் பேசிய முதல் பேச்சு அது. முனீர் கட்டுப்போட்ட கைகளைத் தூக்கிப் பார்த்தான்.

“இடுப்புல கட்டிவிடு மாப்புள. ஒன் இடுப்புல ஒரு முனை, என் இடுப்புல ஒரு முனை. நான் சொல்லும்போது வறீது இழுக்கட்டும்.” பிறகு சொன்னான். “பொடிசு ஒண்ணு விடாம வாரிட்டு வா.”

“வஞ்சி?”

“அத அப்புறம் பாப்பம்.”

சுல்ஃபத் அடுத்த உருண்டையை உருட்டினாள். இடுப்பில் கட்டுவதென்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

மறுநாள் காலை பதினேழாம் கட்டம். தூரத்தில் முனீரின் வஞ்சி நின்றது, நாலு ஆளும் இந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பை வந்தது. சுல்ஃபத் அலசிப் பலகையில் போட்டாள். விழுந்தது, விழுந்தது, விழுந்தது. ஒன்றையும் ஒளிக்கவில்லை.

“பெருசு ஏழு. பொடிசு நூத்திநாப்பது.”

சார் எழுதுவதற்கு முன் முனீரைப் பார்த்தார். முனீர் தலையசைத்தான். சிவப்புப் புள்ளி விழுந்தது.

இரண்டாம் பையையும் கொட்டிவிட்டுச் சிகாபுதீன் மூன்றாம் முறை முங்கினான். முனீரின் கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டன. கயிறு அவன் இடுப்பிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பலகையில் கிடந்ததைச் சுல்ஃபத்தின் கை தள்ளிக்கொண்டிருந்தது, கண் கயிற்றில் இருந்தது.

“அது எத்தனைன்னு சொல்லலையே சுல்ஃபத்?” என்றார் சார்.

அவள் பொறுங்கள் என்று கையை மட்டும் காட்டினாள். வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும்.